சீட் பின்னால் போகிறது

தன் வாகனத்தை அடக்கி ஆள்பவனே ஆண்மகன் என்பது மேலாளரின் கொள்கை. அந்தப் பழைய டீசல் ஜீப் மனைவியோடு கூடவே வந்தது. இறந்துபோன அவளது முதல் கணவர் ஓட்டியது. காலையில் அது இருமும், புகை கக்கும், கிளம்பாது.

“அவர் இருந்தப்ப ஒரே சாவியில கிளம்பிடும்ங்க,” என்பாள் மனைவி.

மெக்கானிக் ஹீட்டர் பிளக்கையும் டீசல் ஃபில்டரையும் மாற்றினார். குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தார். வண்டி கிளம்பியது. ஆனால் தினமும் காலையில் டிரைவர் சீட் பின்னால் தள்ளிப் போயிருந்தது. முதல் கணவர் ஆறடி ஆள்.

“சீட் லாக் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றார் மெக்கானிக்.

“வெல்டிங் வச்சிடுப்பா. இனிமே அவன் நகர்த்தக் கூடாது.”

“எவன் சார்?”

மேலாளர், கிளட்ச் தன் காலுக்கு வாகாக எட்டும் இடத்தில் சீட்டை வைத்து, பக்கத்திலேயே நின்று வெல்டிங் வைக்கச் செய்தார்.

மறுநாள் காலை வெல்டிங் விட்டுப்போயிருக்கவில்லை. சீட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். கிளட்ச் எட்டவில்லை.

கீழே இறங்கியவரை மனைவி மேலும் கீழும் பார்த்தாள். “என்னங்க, பேன்ட் தரையில இழுபடுது?”

மேலாளர் குனிந்து, பேன்ட்டின் அடியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார்.