ரப்பர் ஸ்டாம்ப் கடையில் ரெய்டு

"இது என்னய்யா?"

மேஜை டிராயருக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் எடுத்துக் காட்டியது வட்டமான ரப்பர் ஸ்டாம்ப். அரசாங்க முத்திரை! அதன் அடியில், அதே முத்திரை குத்திய வெற்றுச் சான்றிதழ்கள் ஒரு கத்தை.

யூனிஃபார்மில் வந்தால் ஆசாமி பின்பக்கமாக ஓடிவிடுவான் என்று, பூப்போட்ட சட்டையில் வாடிக்கையாளர் மாதிரி வந்திருந்தார் இன்ஸ்பெக்டர். வந்த காரியம் இத்தனை சுலபமாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை. மனசுக்குள் குதியாட்டம்தான்.

"அரசாங்கத்தை ஏமாத்த போலி முத்திரை, போலிச் சான்றிதழ். கையில வச்சிருந்தாலே குற்றம். ஏழு வருஷம் உள்ள இருக்கணும், தெரியுமா?"

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் விக்கலை சார். வித்தாத்தான் தப்புன்னு நினைச்சேன். கேட்டா இரவல்தான் குடுப்பேன். சாயங்காலம் திருப்பி வாங்கிடுவேன்."

"இரவலா! இதென்ன குடையா? யாருக்குக் குடுத்தே?"

"வேண்டியவர் சார். பேரைச் சொன்னா அவர் வேலை போயிடும்."

"இந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டார் சார்," என்றாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "கல்யாணமாகி இருபது வருஷமா நானும் முயற்சி பண்றேன்."

முத்திரையில் பெயர் இருந்த அலுவலகத்துக்கு இன்ஸ்பெக்டர் போன் போட்டார். அதிகாரியே எடுத்தார். யாரைப் பிடித்தோம், எங்கே பிடித்தோம் என்று இன்ஸ்பெக்டர் மூச்சுவிடவில்லை.

"சார், உங்க ஆபீஸ் போலிச் சான்றிதழோட ஒருத்தன் மாட்டியிருக்கான்."

"விடாதீங்க சார்!" அந்தக் குரல் கடை முழுக்கக் கேட்டது. "இவனுங்களாலதான் நாடே குட்டிச்சுவராப் போகுது. தூக்கி உள்ள போடுங்க!"

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார்.

"ஒப்பிட்டுப் பார்க்க உங்க ஒரிஜினல் முத்திரை வேணும் சார்."

"என் பீரோவுல பத்திரமா பூட்டி வச்சிருக்கேன். அரை மணியில ஸ்டேஷனுக்கு நானே கொண்டு வரேன்."

போனை வைத்த இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டியா? அவர் அதிகாரி! நீயும் இருக்கியே. கிளம்பு."

பிடித்ததையெல்லாம் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கடைக்காரர் செருப்பை மாட்டக் குனிந்தார். அதற்குள் வாசலில் ஒரு ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தார் ஒருவர். பூப்போட்ட சட்டைக்காரரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்றுமுன் போனில் முழங்கிய அதே குரல்.

"அண்ணே, சீக்கிரம் அந்த முத்திரையை எடுங்க! எவனோ போலி வச்சு மாட்டிக்கிட்டானாம்... போலீஸ் ஒரிஜினலைக் கேக்குது!"