மூன்று மணித் தூக்கம்

பிராண்டன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு டொரத்தி அக்காவின் நாற்காலியில் நைசாக உட்கார்ந்தான். அவருடைய கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்து மெல்ல அசைத்தான்.

"என்ன பாஸ், இன்னைக்கும் அக்கா சீட்ல உனக்கென்ன வேலை?" என்றான் பக்கத்து மேசை ஷான்.

"அப்டேட் லா. நீ உன் வேலையப் பாரு."

மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் அந்தச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது பிராண்டன்தான். இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவர் டொரத்தி அக்கா. அவருடைய கணவர் ஸ்ட்ரோக் வந்து படுக்கையில் கிடக்கிறார். கம்பெனி கொடுத்திருக்கும் மெடிக்கல் கார்டில்தான் மருந்தும் மாத்திரையும்.

போன மாதம் மேனேஜர் திருச்செல்வம் பிராண்டனைக் கூப்பிட்டு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி புரோகிராம், எழுதச் சொன்னார். அது யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓட வேண்டும். பத்து நிமிடம் கீபோர்டையும் மவுஸையும் யாரும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிட வேண்டும். எது, எப்போது தூங்கியது என்று அவருக்கு ஒரு மெயிலும் போக வேண்டும். கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் கேட்கிறார் என்று நம்பி, ஆபீசின் முப்பத்தேழு கம்ப்யூட்டர்களிலும் அதைப் போட்டுவிட்டான் நம் ஆள்.

அதன் பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரே மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் தூங்கினால், கம்ப்யூட்டருக்கு உரியவருக்கு வேலை காலி.

"வெளிய மூச்சு விட்ட, மொத ஆள் நீதான்" என்று திருச்செல்வம் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கிரிப்டைத் திருத்திவிடலாம் என்றால், திருத்தினாலும் அவருக்கு மெயில் போகும். அப்படி எழுதித் தொலைத்தவனும் இவனேதான்.

டொரத்தி அக்காவுக்கு ஒரு வழக்கம். மணி மூன்றானால் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விடுவார். இருபது நிமிடம் இறை இரக்க ஜெபம். இந்த மாதம் முதல் வாரத்திலேயே மூன்று நாள் அவருடைய திரை கறுத்துக் கிடந்ததைப் பார்த்த பிராண்டன் விரல்விட்டு எண்ணினான்.

நேரடியாகச் சொல்ல வழியில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தான்.

"அக்கா, அந்த ஜெபத்த வீட்டுக்குப் போய் சொல்லலாமே?"

"ஏசு உயிர விட்ட நேரம் தம்பி அது. மூணு மணிய நான் எப்படி ஆறு மணிக்கு மாத்துறது?"

அன்றிலிருந்து மூன்று மணியானால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நழுவிவிடுவான். இன்றோடு பதினைந்து நாள். மாதக் கடைசி வேறு. இன்றைக்குத் தப்பித்துவிட்டால் அடுத்த மாதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்தான். அதே நேரம் அவனுடைய கைப்பேசி அடித்தது.

"பிராண்டன், கொஞ்சம் உள்ள வா" என்றார் திருச்செல்வம்.

அறைக்குள் போனவன் மேசைமேல் இருந்த வெள்ளைக் கவரைப் பார்த்தான். அது டொரத்தி அக்காவை வேலையை விட்டு அனுப்பும் கடிதம்தான் என்று முடிவே செய்துவிட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் இவன் கொட்டித் தீர்த்தான்.

"சார், ப்ளீஸ் சார், டொரத்தி அக்காவ அனுப்பிடாதீங்க. கார்டு இல்லன்னா அங்கிள் மருந்துக்கு எங்க சார் போவாங்க? மூணே மூணு தடவதான், அதுவும் ஜெபத்துக்குப் போனது!"

திருச்செல்வம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"டொரத்திக்கு என்ன? மூணோட சரி. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

பிராண்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கும்பிடாத குறையாக நன்றி சொன்னான். கண் கூடக் கலங்கிவிட்டது அவனுக்கு.

திருச்செல்வம் கவரை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

"டெய்லி மூணு மணிக்கு நீ எங்க போற? பதினஞ்சு நாளா தூங்குறது உன் கம்ப்யூட்டர்தான்!"