பாயோரத்து எழுத்து

"இதுல இருக்கபடியே நெய்யணும் காத்தாயி. ஒரு புள்ளிகூட விட்டுறக் கூடாது."

மெய்யம்மை ஆச்சி காகிதத்தை நீட்டினாள். மகள் சாலாவின் கல்யாணத்துக்குக் கோரைப்பாய் சொல்ல, திருமயம் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காத்தாயி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பூவு, மயிலு, கோபுரம்னா கண்ணை மூடிக்கிட்டு நெஞ்சிருவேன் ஆச்சி. எழுத்து நமக்கு ஆகாதுங்களே. ரேஷன் கடையிலயும் கைநாட்டுத்தான்."

"எழுத்துன்னு ஏன் பாக்குறே? இதையும் ஒரு பூவுன்னு நெனைச்சுக்க. ஓரத்துல வந்தாப் போதும்."

"பொண்ணு பேருங்களா, மாப்பிள்ளை பேருங்களா?"

"மொதல்ல நெய்யி," என்று சொல்லிவிட்டு மெய்யம்மை வண்டி ஏறிவிட்டாள்.

அந்தப் பெரிய பாய் முழுவதும் நாலு நாளில் வந்துவிட்டது. ஓரத்து எழுத்துக்கு மட்டும் ஆறு நாள். சோற்றுப் பருக்கையால் காகிதத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, சிவப்புக் கோரையை எண்ணி எண்ணிக் கோத்தாள் காத்தாயி. சுழி கோணிக்கொண்டது. பிரித்தாள். கால் நீண்டுவிட்டது. மறுபடி பிரித்தாள். மூன்றாம் தடவை, புள்ளி எழுத்தின் தலையில் கச்சிதமாக வந்து உட்கார்ந்ததும், தறியில் தனியாக இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். யார் பேரோ, எவ்வளவு அழகாக இருக்கிறது!

பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கல்யாண வீட்டுக் கூடத்தில் விரித்தாள். மெய்யம்மை குனிந்து உள்ளங்கையால் பாயைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

சாலா ஓடிவந்து ஓரத்தைப் பார்த்துவிட்டுத் தாயிடம் திரும்பினாள்.

"என்ன ஆத்தா, இது எம்பேரு இல்லையே! அவுக பேரும் இல்லை."

காத்தாயி சட்டென்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தப்பா நெஞ்சுட்டேனா தாயி? கல்யாணத்துக்கு நாளு கெடக்குல்ல, பிரிச்சுட்டு மறுபடி..."

"ஒரு கோரையைத் தொடக் கூடாது," என்றாள் மெய்யம்மை. "நான் எழுதிக் குடுத்த பேருதான் அது. சாலா, சத்தமா வாசி."

சாலா எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"காத்தாயி."

"என்ன தாயி?"

"ஒங்களைக் கூப்பிடலை," என்று சிரித்தாள் சாலா. "பாயில இருக்கதைத்தான் வாசிச்சேன்."