எழுமலையில் நிற்காத விமானம்

"கண்மாய்க்குத் தண்ணி வரலைன்னு கோர்ட்டுக்குப் போக ஊர் சேத்த காசு. அதுல பிளேன் ஏற வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்லையாடா விருமாண்டி?"

மதுரை விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. கேட்டவர் மலையாண்டி. எழுமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பஞ்சாயத்துத் தலைவர். மலையடிவாரத்தில் பெரிய மாந்தோப்பு. ஏலக்காய் வியாபாரத்துக்காக அடிக்கடி கொச்சிக்குப் பறப்பவர்.

அதே ஊர் விருமாண்டி தலையைச் சொறிந்தான்.

"ஒரு தடவை ஏறிப் பாத்துரலாம்னுதாண்ணே."

"ஊரு வயலெல்லாம் காஞ்சு கெடக்கு. தொரைக்குப் பிளேன் கேக்குது!"

"இந்த வருசம் நல்ல மழைதானண்ணே? ஓடைத் தண்ணி எங்கதான் போகுது?"

"மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம்டா. எத்தன தடவ சொல்றது?"

ஓடை அவர் தோப்பு வழியாகத்தான் வருகிறது. உள்ளே போய்ப் பார்க்க ஒருத்தரையும் அவர் விட்டதில்லை. முள்வேலியும் வேட்டை நாய்களும் காவல். கோர்ட்டுக் காசு இப்படிக் காற்றில் போனதில் தலைவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

விருமாண்டி கவுன்ட்டரில் போய் நின்றான்.

"சார், கொச்சிக்கு எம்புட்டு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

"எழுமலை எப்ப வரும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"அங்கெல்லாம் நிக்காதுப்பா."

"நிக்க வேணாம் சார். மேல போனாச் சரி."

"பத்து நிமிஷத்துல தாண்டிரும்."

"பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் சார்!" என்று அவன் வாயைப் பிளந்தான். சிரிப்பு இன்னும் கூடியது.

விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"அண்ணே, அந்த ஜன்னல் சீட்ட எனக்குத் தாரீகளா?"

"எடுத்துக்க. கீழ பாத்தா எனக்குத் தல சுத்தும். இத்தன வருசத்துல ஒருநா எட்டிப் பாத்ததில்ல. நீ நல்லா வேடிக்கை பாரு. நாளைக்கு ஊருக்குப் பதில் சொல்லணும்ல?"

பெரிய மனசோடு இடம் மாறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார் தலைவர்.

விமானம் ஏறிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

"அண்ணே! நம்ம கண்மாய்!"

"கத்தாதடா. மேலருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும்."

"இல்லண்ணே. ஊர்ல இருக்குற வேட்டி அம்புட்டையும் கண்மாய்க்குள்ள விரிச்சு வைக்கச் சொல்லிட்டு வந்தேன். வெள்ளை வெளேர்னு தெரியுது!"

தலைவர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"ஊரா விரிச்சுச்சு? அப்ப நீ வந்தது ஊருக்குத் தெரியுமா?"

"ஊர்தாண்ணே ஏத்தியே விட்டுச்சு. ஒங்க வேலியத் தாண்டி உள்ள பாக்க வேற வழி தெரியல."

விருமாண்டி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டான்.

"ஓடைக்குக் குறுக்கால கரை கட்டியிருக்கு. ஒங்க தோப்புக்குப் பின்னாடி கடலாட்டம் தண்ணி கெடக்குதுண்ணே! ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன். நீங்க என்ன சொல்லப் போறீக?"

கீழே பார்க்காமலே மலையாண்டிக்குத் தலை சுற்றியது.