நடு இருக்கையில் ஒரு டிஷ்யூ

"எட்மண்ட் அங்கிள், இதை யாரு இங்க வச்சது?"

முதல் வரிசையின் நடு இருக்கையைக் காட்டிக் கேட்டாள் செரினா. 'தஞ்சைக் குயில் மாயா' என்று அச்சிட்ட பெயர் அட்டையை அதில் ஒட்டத்தான் வந்திருந்தாள். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு டிஷ்யூ பாக்கெட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

திரையரங்கு மேலாளர் எட்மண்ட் எட்டிப் பார்த்தார். "போச்சு லா. யாரோ இடம் பிடிச்சுட்டாங்க."

"இது என்ன ஃபூட் கோர்ட்டா அங்கிள்? பிரீமியர் ஷோ!"

"அப்ப நீயே எடு."

செரினா கையை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் வளர்ந்த கை அது. சாப்பாட்டுத் தட்டோடு எத்தனையோ நாள் கால்கடுக்க நின்றிருக்கிறாள். டிஷ்யூ கிடக்கும் மேசையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பிடோக் முதல் மார்சிலிங் வரை சிங்கப்பூர் முழுக்க, டிஷ்யூ வைத்தவருக்கே இடம்.

"காலைல பாட்டு ஒத்திகைக்கு ஒரு கூட்டமே வந்துச்சு. ஸ்பான்சரோட மனைவி வேலையா இருக்கும்," என்று எட்மண்ட் கிலியைக் கிளப்பினார். "பேசாம ஸ்டாரைப் பக்கத்து சீட்டுக்கு மாத்திடு. டிஷ்யூவை எல்லாம் மாத்த முடியாது."

செரினா பக்கத்து இருக்கையில் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மாயாவின் மேனேஜர் வருண் உள்ளே வந்தார். சென்னைக்காரர். பதறிவிட்டார்.

"ஏங்க, மேடத்துக்கு எப்பவும் நடு சீட்தான்! கோலாலம்பூர்ல ஓரமா போட்டாங்கன்னு பாதிப் படத்துல எழுந்து போயிட்டாங்க. இங்கயும் போனா உங்க வேலை காலி, தெரியும்ல?"

தெரியும். காலையிலேயே முதலாளி அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"ஆனா சார்... டிஷ்யூ..."

"ஒரு டிஷ்யூவுக்கா இந்த நடுக்கம்?"

வருண் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் வீசினார். எட்மண்ட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

வாசலில் விசில் பறந்தது. சிவப்புக் கம்பளத்தில் மாயா மிதந்து வந்தாள். அவள் கவுனின் வாலைத் தூக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த குரல் இது," என்று மைக்கில் குழைந்தாள். "சிங்கப்பூர் மண்ணை இன்றுதான் முதன்முதலாக மிதிக்கிறேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கும்பிட்டபடியே முதல் வரிசைக்கு வந்தவள், நடு இருக்கையைப் பார்த்ததும் நின்றாள். புன்னகை அணைந்தது. கவுன் கசங்குவதையும் பொருட்படுத்தாமல் குனிந்து இருக்கைக்கு அடியில் துழாவினாள்.

செரினா ஓடி வந்தாள். "மேடம், இது உங்க சீட்தான் மேடம்..."

மாயா நிமிர்ந்தாள். காவிரி ஒரே நொடியில் வற்றிவிட்டது.

"என் டிஷ்யூவ யாரு எடுத்தது? காலைலயே வச்சுட்டுத்தானே போனேன் லா! எங்க மார்சிலிங் மார்க்கெட்ல கூட யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க!"