ஜன்னல் கம்பி போதும் சார்

"சார், என்னை பாய்லர் வேலையிலேர்ந்து எடுத்துடுங்க. ஜன்னல் கம்பி குடுங்க, போதும்."

கலியபெருமாள் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

தட்டாஞ்சாவடியில எங்க வெல்டிங் பட்டறைக்குச் செக்கிங் நான்தான். இரும்பு கேட்டு, ஜன்னல் கம்பின்னா எவன் வேணா வெல்டிங் வைக்கலாம். நீராவி பாய்லர்னா டெஸ்ட்டுல பாஸான ஆளுதான் கை வைக்கணும். சட்டமே நான் போட்டது. அதுல எனக்கு ஏகப்பட்ட பெருமை வேற. பாஸான ஒரே ஆளு இந்தக் கலியபெருமாள்.

"இன்னாய்யா, விளையாடுறியா? இட்லி பாய்லர் எங்கடான்னு அரியாங்குப்பம் கல்யாண மண்டபத்துக்காரன் புது செல்போன்ல உயிரை எடுக்கிறான். சம்பளம் ஏத்தணும்னா நேரா கேளு!"

"அதெல்லாம் இல்ல சார். கிட்டத்துப் பார்வை மங்குது. டாக்டர் கண்ணாடி எழுதிக் குடுத்திருக்காரு." சீட்டை நீட்டினான்.

கையை எட்டின மட்டும் தள்ளிப் பிடிச்சுப் பார்த்தேன். "டாக்டர் கையெழுத்து எவனுக்குப் புரியும்?"னு திருப்பிக் குடுத்தேன்.

"கண்ணாடி வரட்டும் சார். மறுபடி டெஸ்ட் வைங்க, பாஸானா பாய்லருக்கு வரேன். ஜன்னல் கம்பி விட்டுப்போனா காக்கா உள்ள வரும், அவ்ளோதான். பாய்லர் பக்கத்துல சமையக்காரங்க நிப்பாங்களே."

"பாஸான ஆளு ஜன்னல் கம்பி ஒட்டப் போறானாம்! வெட்கமா இல்ல? பலராமா, நீயே கேளுடா!"

கூட வேலை செய்யற பலராமன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"நேத்து நான் வச்ச பாய்லர் மூடி வெல்டிங் மேலயே சந்தேகமா இருக்கு சார்."

"நான் பார்த்து ஓகே போட்டாச்சுய்யா. என் கண்ணுக்குத் தப்புமா? வேணும்னா தண்ணி ஏத்திப் பாரு!"

பலராமன் தண்ணியை நிரப்பி பம்பு அடிச்சான். அழுத்தம் ஏற ஏற, நான் சாக்பீஸ்ல பெரிசா எழுதின 'ஓகே'வுக்கு நேர் கீழ நூலாட்டம் தண்ணி கசிஞ்சுது.

"ஊசி ஓட்டை சார்! குனிஞ்சு பார்த்தாலே தெரியுதே, எப்படி விட்டீங்க?"ன்னான் பலராமன்.

கலியபெருமாள் துணியை எடுத்து அந்த 'ஓகே'வை அழிச்சான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. இதை அப்படியே அனுப்பியிருந்தா மண்டபத்துச் சமையக்காரங்க கதி என்ன!

"உன்கூட நானும் டெஸ்ட்டுக்கு உக்காரணும்யா"ன்னு சொல்லிட்டு, பொங்கலுக்கே வாங்கி, போட்டுக்கிட்டா கிழவன்னு சொல்வாங்கன்னு சட்டைப்பையிலயே ஒளிச்சு வச்சிருந்த என் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.