சாட்சிக்கு முன்னால் ஒரு திரை

"நடுவுல திரை போட்டுடுவாங்க ஆன்ட்டி. அவன் முகத்தை நீங்க பார்க்கவே வேண்டாம்," என்றாள் ரக்ஷனா.

சிங்கப்பூர் நீதிமன்றத்தில் பாலியல் வழக்குச் சாட்சிகளுக்குத் துணையிருக்கும் தொண்டூழியர் அவள். வழக்கைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்பது விதி.

அல்போன்சம்மாள் ஜெபமாலையை இறுகப் பிடித்தாள். "கண்டிப்பா போடுவாங்களாம்மா? அவனைப் பார்த்தா எனக்குப் பேச நாக்கு எழாது."

ரக்ஷனாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "வெட்கப்பட வேண்டியது அவன்தான் லா, நீங்க இல்ல. அவன்மேல அவ்வளவு பயமா?"

"பயமில்லம்மா. அந்தப் பொண்ணு எங்க மார்சிலிங் வீட்டுலேருந்து அழுதுகிட்டே ஓடினதைப் பார்த்தவ நான் ஒருத்திதான். உள்ளதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

அல்போன்சம்மாள் ஜெபமாலைச் சிலுவையைத் தடவினாள்.

"ஆனா, 'அம்மா'ன்னு அவன் ஒரு பார்வை பார்த்தா, பெத்த வயிறு என்னைப் பொய் சொல்ல வெச்சிடும்."